முயல் கூண்டில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

முயல் வலியை மறைக்கும் பிராணி. நோய் முற்றி, இனி மறைக்க முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் மூலையில் குந்தும். அதன் முகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று இருப்பவர்கள் எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் விழித்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் பார்க்க வேண்டியவை மூன்று: நேற்று வைத்த தீவனத்தில் மிச்சம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, கூண்டுக்கு அடியில் விழுந்த புழுக்கை எப்படி இருக்கிறது. கீழே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் இந்த மூன்றுதான் நுழைவாயில். கூண்டு, காற்று, தண்ணீர், தீவனம் ஆகியவற்றைச் சோதிக்காமல் மருந்துப் பெட்டியைத் திறப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மருந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி, சில நாட்களில் முயல் இறந்துவிடும். வேறு கால்நடைக்கு வாங்கி மிச்சமிருக்கும் மருந்தை, எடைக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. உண்ணிக்குப் பயன்படும் ஃபிப்ரோனில் கலந்த தெளிப்பும் முயலுக்கு நஞ்சு.

தீவனம் அப்படியே இருக்கிறது. புழுக்கை இல்லை அல்லது மிகச் சிறியதாக இருக்கிறது

இதுதான் முதல் அவசரம். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. நின்றால் உள்ளே வாயு சேரும், வலியால் முயல் இன்னும் சாப்பிடாது, சாப்பிடாததால் குடல் இன்னும் மந்தமாகும். 12 மணி நேரம் எதையும் தொடாத முயலை “நாளைக்குப் பார்க்கலாம்” என்று விடக் கூடாது. பருத்த முயல் என்றால் பட்டினியில் ஈரலில் கொழுப்பு படிந்து நிலைமை மேலும் வேகமாகக் கெடும்.

முதலில் தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் அழுத்திப் பாருங்கள். கேட்கவே வெட்கமான காரணம்தான், ஆனால் இதுதான் பல நேரம் விடை: குழாய் அடைத்திருக்கும். தண்ணீர் குடிக்காத முயல் உலர்ந்த தீவனத்தைத் தின்னாது. குழாய் சரியாக இருந்தால் வாயைப் பாருங்கள். முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றனவா? மோவாய் ஈரமாக இருக்கிறதா? எச்சில் வடிந்தால் கடைவாய்ப் பல்லில் கூர்முனை வளர்ந்து நாக்கையோ கன்னத்தையோ குத்திக்கொண்டிருக்கலாம்.

அடுத்து வயிற்றை மெதுவாகத் தொடுங்கள். மாவு போலப் பிசைந்து கொடுக்கிறது, முயல் ஓரளவு நடமாடுகிறது என்றால் உலர்புல், தண்ணீர், வெதுவெதுப்பான இடம், கொஞ்சம் நடக்க வைப்பது ஆகியவற்றைத் தொடங்கிவிட்டு மருத்துவரை அழைக்கலாம். வயிறு முரசு போல விறைத்து, காதுகள் சில்லென்று இருந்தால் அது அடைப்பாகவோ கடும் வாயு உப்புசமாகவோ இருக்கும். அப்போது வாயில் எதையும் ஊட்டக் கூடாது, நேரே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. திணித்ததெல்லாம் உள்ளேயே நின்று இரைப்பையை இன்னும் உப்ப வைக்கும்.

பின்பக்கத்தில் கழிச்சல் ஒட்டியிருக்கிறது

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். முயல் இரண்டு வகையாகக் கழிக்கும். ஒன்று உருண்டையான கடினப் புழுக்கை. இன்னொன்று மென்மையாக, பளபளப்பாக, சிறு திராட்சைக் கொத்து போலச் சேர்ந்து வருவது; அதை முயல் ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும். அதில் புரதமும் பி வகை வைட்டமின்களும் இருக்கின்றன, தின்பது இயல்பு. கொத்து தின்னப்படாமல் நசுங்கிப் பின்பக்கத்தில் ஒட்டியிருக்க, கூடவே நல்ல உருண்டைப் புழுக்கையும் விழுந்திருந்தால் அது கழிச்சல் அல்ல. அடர்தீவனம் அதிகம், நார் குறைவு, அல்லது முயல் மிகவும் பருத்துப் பின்பக்கம் எட்டவில்லை. தீவனத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டினால் ஒரு வாரத்தில் தெளியும்.

உருண்டைப் புழுக்கையே இல்லாமல் தண்ணீராகவோ சளி போலவோ போனால் அது உண்மையான கழிச்சல். வயதைப் பாருங்கள். தாயிடமிருந்து பிரித்த குட்டி, 4 முதல் 12 வாரத்துக்குள், வயிறு பெருத்து முதுகெலும்பு தெரிய, உடன்பிறந்தவற்றைவிடச் சிறுத்து நின்றால் முதல் சந்தேகம் காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி. அதன் முட்டைகள் புழுக்கையோடு வெளியே வந்த உடனே தொற்றுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து முதிர இரண்டு மூன்று நாள் ஆகும். தினமும் சுத்தம் செய்யும் கூண்டில் இந்த நோய் நிலைப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். சாதாரணக் கிருமிநாசினிகள் இந்த முட்டைகளை ஒன்றும் செய்யாது. கொதிநீர், நீராவி, தீச்சுவாலை, நன்கு உலரவிடுதல் ஆகியவையே பயன்படும். மருந்தைப் புழுக்கைப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லட்டும். தீவனத் தட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, குட்டி உள்ளே ஏறி உட்கார முடியாதபடி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கோழித் தீவனத்தைக் கலந்து கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: அதில் காக்சிடியாவுக்கு எதிராகச் சேர்க்கப்படும் நராசின், சாலினோமைசின் போன்றவை முயலைக் கொன்றுவிடும். தீவனம் தீர்ந்துபோன நாளில் உலர்புல் மட்டும் கொடுத்தால் முயல் சாகாது.

திடீரென்று பசுந்தீவனத்தை மாற்றினாலும் கழிச்சல் வரும். எந்த மாற்றத்தையும் ஏழு முதல் பத்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

தும்மல், மூக்கில் வெள்ளைச் சளி

முன்னங்கால்களின் உட்புறத்தைப் பாருங்கள். முயல் மூக்கைக் கால்களால் துடைத்துக்கொள்ளும். அங்கே மயிர் கட்டிபட்டு ஒட்டியிருந்தால் சளி நாட்பட்டது. தெளிந்த நீரோடு எப்போதாவது தும்முவது தூசியாலும் இருக்கலாம். உலர்புல்லை உதறிக் கொடுங்கள், தூள் தீவனத்தைச் சலித்துக் கொடுங்கள், இரண்டு நாள் பாருங்கள்.

கெட்டியான வெள்ளைச் சளி என்றால் பெரும்பாலும் பாஸ்டரெல்லா கிருமி. மருந்தில் அடங்கும், முற்றிலும் ஒழிவது அரிது. மருந்தை நிறுத்தியதும், வெயில் ஏறியதும், குட்டி ஈன்றதும் மறுபடி கிளம்பும். செல்லமாக வளர்ப்பவர் வைத்துப் பராமரிக்கலாம். இனப்பெருக்கக் கூட்டத்தில் அதற்கு இடமில்லை என்பது என் தீர்ப்பு. அது எத்தனை பரிசு வாங்கிய முயலானாலும் சரி. தாய் குட்டிக்குக் கொடுக்கும், குட்டி அடுத்த கூண்டுக்குக் கொடுக்கும்.

பல கூண்டுகளில் ஒரே நேரத்தில் தும்மல் என்றால் காற்றைச் சந்தேகியுங்கள். நீங்கள் நின்றுகொண்டு மோந்து பார்த்தால் பயனில்லை. குனிந்து, முயலின் மூக்கு இருக்கும் உயரத்தில், முக்கியமாக அடித்தட்டுக் கூண்டில், மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அம்மோனியா. சிறுநீர்த் தட்டைக் காலி செய்து, காற்று வெளியேற வழி செய்தபின்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெளியிலிருந்து, கண்காட்சியிலிருந்தும் கூட, வரும் முயலைக் குறைந்தது 30 நாள் தனியே வையுங்கள். அதற்குக் கடைசியாகத் தீவனம் போடுங்கள். போட்டபின் கை கழுவுங்கள்.

காதில் பழுப்புப் பொருக்கு. மூக்கிலும் பாதத்திலும் சொறி

காதுக்குள் அடுக்கடுக்காகப் பொருக்கு, தலையை உதறுகிறது, பின்னங்காலால் காதைச் சொறிகிறது என்றால் காதுப் பேன். பொருக்கைப் பிய்க்காதீர்கள், அடியில் தோல் ரணமாக இருக்கும். மருத்துவர் ஐவர்மெக்டின் போட்டால் பொருக்கு தானாக உதிரும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் மறுபடி ஒரு தவணை தேவைப்படும். பக்கத்துக் கூண்டு முயல்களையும் சேர்த்துக் கவனிக்காவிட்டால் திரும்ப வரும்.

மூக்கு, உதடு, பாதம் ஆகிய இடங்களில் வெண்பொருக்கு என்றால் சொறி உண்ணி. வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தால் படர்தாமரை. இரண்டும் மனிதருக்குத் தொற்றும். கையுறை போடுங்கள். மூக்கு நுனியோடு பிறப்புறுப்பிலும் பொருக்கு இருந்தால் அது இணைசேர்க்கையில் பரவும் நோய். அந்த முயலோடு சேர்ந்த எல்லாவற்றையும் இனப்பெருக்கத்திலிருந்து நிறுத்திச் சிகிச்சை அளிக்க வேண்டும்.

இறைச்சிக்கு வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மருந்து கொடுத்த முயலை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, கூண்டு அட்டையிலேயே தேதியை எழுதித் தொங்கவிடுங்கள்.

பாதத்தில் புண்

பின்னங்கால் குதியில் மயிர் தேய்ந்து, சிவந்து, பிறகு வெடிக்கும். பெரிய இனங்களுக்கும், பாதத்தில் மயிர் குட்டையாக உள்ள ரெக்ஸ் இனத்துக்கும் அதிகம் வரும். கம்பித் தளத்தில் உட்கார ஒரு பலகை போடுங்கள்; ஈரம் பட்டால் மாற்றுங்கள். துருப்பிடித்த, தொய்ந்த, மெல்லிய கம்பியைக் கழற்றி எறியுங்கள். ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தால் அது பாத மயிரின் குறை. அந்தக் கிளையில் குட்டி எடுக்காதீர்கள்.

இணை சேர மறுக்கிறது. அல்லது சேர்ந்தும் சினை பிடிக்கவில்லை

பெண் முயலை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் அவள் தன் இடத்தைக் காப்பதற்காகக் கடிப்பாள். பிறப்புறுப்பு சிவந்து ஈரமாக இருந்தால் தயார். வெளிறி உலர்ந்திருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். முயலுக்கு மாதவட்டம் கிடையாது; இணைசேர்ந்த பிறகுதான், ஏறத்தாழ 10 மணி நேரத்தில், முட்டை வெளியாகும். ஆண் ஒரு முனகலோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் சேர்க்கை நடந்துவிட்டது. விழாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் நடக்கவில்லை. இரவு முழுவதும் இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டு “சேர்ந்திருக்கும்” என்று நம்புவது வீண். என்றைக்குச் சேர்ந்தது என்ற தேதியும் கிடைக்காது.

ஒரு பெண் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அவளைப் பாருங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவு கொழுப்பா? மயிர் உதிர்க்கும் காலமா? பகல் வெளிச்சம் குறைந்த பருவமா? பிந்தையது என்றால் கூண்டுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி விளக்குப் போடலாம். வெண்மையான சீழ் கசிந்தால் கருப்பையில் தொற்று.

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் பிடிக்காமல் போனால் ஆணைப் பாருங்கள். 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல நாள் வாட்டினால் ஆண் தற்காலிகமாக மலடாகும். ஆசை குறையாது, சேர்வான், ஆனால் பலன் இருக்காது. வெப்பம் தணிந்தபின் புது விந்து உருவாகி வரச் சுமார் இரண்டு மாதம் ஆகும். சத்து மருந்து ஊற்றி இதை வேகப்படுத்த முடியாது. வெயில் காலத்துக்கு முன்பே ஆண்களை வீட்டிலேயே குளிர்ந்த மூலைக்கு மாற்றி, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள்.

சேர்த்த 12 முதல் 14 நாளில் அடிவயிற்றை வருடிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் வழுக்கும் உருண்டைகள் தட்டுப்படும். புழுக்கை உருண்டை முதுகை ஒட்டி, சிறியதாக, கடினமாக இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். அழுத்தவும் வேண்டாம். 16 முதல் 18 நாளுக்குள் மயிரைப் பிய்த்துக் கூடு கட்டத் தொடங்கினால் அது பொய்ச் சினை. ஒரே கூண்டில் இருக்கும் பெண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலே இது நடக்கும்.

நாள் ஆகியும் ஈனவில்லை

30 முதல் 32 நாள் இயல்பு. வயிற்றில் ஒன்றிரண்டு பெரிய குட்டிகள் மட்டும் இருந்தால் சற்றுத் தள்ளும். 33 ஆம் நாளும் தாண்டிவிட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். குட்டி உள்ளே இறந்திருக்கலாம்.

குட்டிகள் கம்பியின்மேல் சிதறிக் கிடக்கின்றன, அல்லது தாய் தின்றுவிட்டாள்

ஈனும் பெட்டியை 28 ஆம் நாள் வையுங்கள். சீக்கிரம் வைத்தால் அதைக் கழிப்பறை ஆக்கிவிடுவாள், தாமதித்தால் கம்பியில் ஈன்றுவிடுவாள். பெட்டி, தாய் உள்ளே போய்த் திரும்பும் அளவு இருந்தால் போதும்; அகலமான பெட்டியில் குட்டிகள் பிரிந்து குளிரில் போகும். முன்விளிம்பு 15 செ.மீ. உயரம் இருந்தால், முலையைப் பிடித்தபடி தொங்கி வெளியே வரும் குட்டி தட்டுப்பட்டு உள்ளேயே விழும்.

தின்பது பெரும்பாலும் முதல் ஈற்றில் நடக்கும். நஞ்சுக்கொடியைத் தின்னும்போது கடிபடுவது, இறந்த குட்டியை அப்புறப்படுத்துவது, நாய் குரைப்பாலும் ஆள் நடமாட்டத்தாலும் மிரள்வது, தண்ணீர்த் தட்டுப்பாடு ஆகியவை காரணங்கள். ஈனும் இரவில் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். முதல் தடவையை மன்னிக்கலாம், இரண்டாவதைப் பொறுக்கலாம். மூன்றாவது ஈற்றிலும் அதையே செய்தால் அவளை வைத்திருப்பதில் பொருளில்லை.

கம்பியில் சில்லிட்டு, நீலம் பாய்ந்து கிடக்கும் குட்டியை இறந்துவிட்டது என்று வீசிவிடாதீர்கள். சூடேறிய பிறகும் அசையாவிட்டால்தான் இறந்தது. உள்ளங்கையில் வைத்து, அல்லது தலை மட்டும் வெளியே இருக்க 38 டிகிரி வெந்நீரில் பிடித்து, பிறகு நன்றாகத் துவட்டிக் கூட்டுக்குள் திருப்பி வையுங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டக் கூடாது. பூனை போலக் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டில் சேர்க்கும் பழக்கம் முயலுக்கு இல்லை. நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும்.

தாய் பெட்டிப் பக்கமே போகவில்லை

கவலைப்படுபவர்களுக்கு நல்ல செய்தி: தாய் ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை, அதுவும் சில நிமிடம்தான் பாலூட்டுவாள், பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ. குட்டியின் வயிறு உருண்டு, மெல்லிய தோல் வழியே வெள்ளையாகப் பால் தெரிந்தால் எல்லாம் சரி. தோல் சுருங்கி, தொட்டதும் துள்ளிக் கத்தினால் பசி. தாயைப் பிடித்துப் பெட்டியில் குட்டிகளின்மேல் காலையும் மாலையும் வையுங்கள். அவளது முலைகளையும் தடவிப் பாருங்கள். சூடாக, கல்லாக, நீலம் பாய்ந்து இருந்தால் மடிநோய். அன்றைக்கே மருத்துவர் வேண்டும். அவளது குட்டிகளை வேறு தாயிடம் விட்டால் நோய் அங்கும் போகும். மடிநோய் இல்லாமல், பெரும் ஈற்றைக் குறைக்க மட்டும் மாற்றுவதானால், இரண்டு மூன்று நாள் வித்தியாசத்துக்குள் ஈன்ற தாயிடம் தாராளமாக விடலாம்.

குள்ள இனங்களில் உடல் சிறுத்து, தலை பருத்துப் பிறந்த குட்டி ஓரிரு நாளில் இறந்தால் உங்கள் பராமரிப்பில் குறை இல்லை. நெதர்லாந்து ட்வார்ஃப் போன்றவற்றில் குள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த குட்டி பிழைக்காது. அத்தகைய இணையில் சராசரியாக நான்கில் ஒன்று இப்படிப் போகும்.

10 முதல் 12 நாளில் கண் திறக்கும். 12 தாண்டியும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மெதுவாகப் பிரித்துவிடுங்கள்.

வளர்ச்சி போதவில்லை, அறுத்தபோது ஈரலில் வெண்புள்ளி

நியூசிலாந்து வெள்ளை, கலிஃபோர்னியன் போன்ற இறைச்சி இனங்கள் 8 முதல் 10 வாரத்தில் 2 கிலோவை நெருங்க வேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்காதவர் “வளரவில்லை” என்று சொல்வதற்கு உரிமை இல்லாதவர். தாயிடமிருந்து பிரிந்தபின் ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிராம் ஏறினால் நன்று. எல்லாக் குட்டிகளும் மந்தம் என்றால் தண்ணீர், வெப்பம், தீவனத்தின் புரத அளவு (16 முதல் 18 சதவீதம்) என்ற வரிசையில் சோதியுங்கள். ஒரு குட்டி மட்டும் மந்தம் என்றால் பல், காக்சிடியா. ஒரு தாயின் எல்லா ஈற்றும் மந்தம் என்றால் அவளிடம் பால் இல்லை. அவள் மகள்களைத் தாய்முயலாக வைக்காதீர்கள்.

ஈரலில் வெண்மையான முடிச்சுகள் இருந்தால் பெரும்பாலும் ஈரல் காக்சிடியா. அந்த ஈரலை உணவுக்கு எடுக்க வேண்டாம். மீதி இருக்கும் உடன்பிறப்புகளைச் சோதிப்பதற்கு அதுவே நோட்டீஸ்.

ஒன்றன்பின் ஒன்றாகத் திடீர்ச் சாவு

மாலை நன்றாக இருந்த பெரிய முயல்கள் காலையில் இறந்து கிடந்து, சிலவற்றின் மூக்கில் ரத்தமும் இருந்தால் ரத்தக்கசிவு நச்சுயிரி நோயைச் சந்தேகிக்க வேண்டும். பழைய வகை 1984 இல் சீனாவில் கண்டறியப்பட்டது; அது இளங்குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். 2010 இல் பிரான்சில் தோன்றிய இரண்டாம் வகை குட்டிகளையும் கொல்லும். சிகிச்சை இல்லை, தடுப்பூசி உண்டு. உடலை அறுக்காமல், எந்த முயலையும் வெளியே கொடுக்காமல், கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

கடும் வெயில் நாளில் வாய் திறந்து மூச்சு வாங்கி இறந்தால் அது வெப்பத் தாக்குதல். உயிரோடு மூச்சு வாங்கும் முயல்களின் காதுகளை நனைத்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். பனிக்கட்டி நீரில் அமுக்கக் கூடாது.

கண்காட்சியில் நடுவர் மேசையிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்

தகுதி நீக்கத்துக்கும் புள்ளிக் குறைப்புக்கும் வேறுபாடு உண்டு. மதிப்பீட்டு அட்டையை வாசித்துவிட்டு வருத்தப்படுங்கள். பல் பொருந்தாமை, ஆண் முயலுக்கு ஒரு விரை மட்டும் இருப்பது, நிறமுள்ள இனத்தில் ஒரு வெள்ளை நகம் அல்லது பொருந்தாத வெள்ளைத் திட்டு, எடை வரம்பு மீறல் ஆகியவை வழக்கமான தகுதி நீக்கங்கள். இவை எல்லாமே வீட்டில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடியவை. 1910 இல் தொடங்கிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் தரத்தின்படி, வளர்ந்த நியூசிலாந்து ஆண் 9 முதல் 11 பவுண்டு, பெண் 10 முதல் 12 பவுண்டு. அங்கே இடது காதில் பச்சை குத்திய எண் இல்லாவிட்டாலும் மேசைக்கு வர முடியாது. உங்கள் கண்காட்சி எந்தச் சங்கத்தின் விதியைப் பின்பற்றுகிறது என்று முன்பே கேளுங்கள்.

பல் விஷயத்தில் ஒரு நுணுக்கம்: கம்பியைக் கடித்து இழுத்து உடைந்த பல், வெட்டிச் சீர்செய்தால் சில வாரங்களில் நேராக வளரலாம். இரண்டு மூன்று மாதக் குட்டியிலேயே காரணமின்றிக் கோணினால் அது மரபுவழி; குட்டியை இறைச்சிக்கு ஒதுக்கி, அதே இணையை மீண்டும் சேர்க்காதீர்கள்.

மயிர் மங்கல் என்றால் உதிர்காலம். அதை எந்த எண்ணெயாலும் முடிக்க முடியாது. ஈரக் கையால் தடவி உதிர்ந்ததை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். கறுப்பு முயல் செம்பட்டை தட்டினால் வெயில் படுகிறது. வெள்ளை உடலும் கறுப்பு மூக்கும் காதும் கொண்ட கலிஃபோர்னியனில் அந்தக் கறுப்பு வெளிறினால் வெப்பம். அந்தக் கருமை உடலின் குளிர்ந்த பாகங்களில்தான் உருவாகும். அதே காரணத்தால், கூட்டில் குளிர்பட்ட கலிஃபோர்னியன் குட்டி உடல் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல இருக்கும். அவசரப்பட்டு அதை ஒதுக்காதீர்கள். முதல் மயிர் உதிர்வில் அந்தச் சாம்பல் போய்விடும்.